மின்சாரம் ஏறிய சாஸ்: துருக்கியின் அனடோலு ராக் எங்கிருந்து வந்தது?

துருக்கியப் பாடகி செல்தா பாஜான் 1976-ல் வெளியிட்ட இசைத்தட்டில் 'இன்ஜே இன்ஜே பிர் கார் யாயார்' என்று ஒரு பாட்டு உண்டு. எடுத்த எடுப்பிலேயே கரகரவென்று இழுபடும் மின் ஒலி, அதோடு கனத்த ட்ரம்ஸ். அதிலிருந்து ஒரு துண்டை அமெரிக்க ராப் கலைஞர் மோஸ் டெஃப் 2009-ல் தன் 'சூப்பர்மேஜிக்' பாட்டுக்கு எடுத்துக்கொண்டார். 2015-ல் டாக்டர் ட்ரேயும் 'காம்ப்டன்' ஆல்பத்தில் எடுத்தார். பழைய இசைத்தட்டுகளைத் தேடிச் சேர்ப்பவர்கள் இந்தப் பாட்டை இன்று சைகடெலிக் ராக் என்ற அலமாரியில் வைத்திருக்கிறார்கள். மயக்கத்தில் மிதக்கும் மனசுக்கான இசை என்ற எண்ணத்தோடு கேட்கிறார்கள்.

சரி, பாட்டு என்ன சொல்கிறது? ஏழைகள் மேல் மெல்ல மெல்லப் பனி விழுகிறது. ஏழை சொல்லும் சொல்லை விதி ஏன் நம்ப மாட்டேன் என்கிறது. பட்டினியால் செத்தோமே ஐயா, இப்படிச் செய்யாதீர்கள் என்று கெஞ்சுகிறது. எழுதியவர் ஆஷிக் மஹ்ஸுனி ஷெரிஃப். சாஸ் என்ற நீண்ட கழுத்துள்ள தந்தி வாத்தியத்தை மீட்டியபடி பாடும் நாட்டுப்புறக் கவிஞர்களை துருக்கியில் ஆஷிக் என்பார்கள். இருபதாம் நூற்றாண்டில் அந்த மரபின் பெரிய பெயர்களில் ஒருவர் அவர்.

நானும் அந்த சைகடெலிக் அலமாரி வழியாகத்தான் இந்த இசைக்குள் வந்தேன். கேட்கக் கேட்க ஒன்று தெளிவானது. நம்மை இழுக்கிற அந்த வினோதத்தில் பெரும்பங்கு லண்டனிலிருந்தும் சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்தும் வரவில்லை. துருக்கியின் ஆசியப் பகுதியான அனடோலியாவின் கிராமங்களில் தலைமுறை தலைமுறையாக இருந்த மெட்டும் தாளமும் ஒப்பாரியும் ஆம்ப்ளிஃபயர் வழியாக வெளியே வந்தபோது இப்படி ஒலித்தன. துருக்கியர்கள் இதை அனடோலு பாப் என்றும் அனடோலு ராக் என்றும் சொல்கிறார்கள். 1964 முதல் 1980 வரை, ஏறத்தாழ 16 ஆண்டுக் காலத்து இசை இது. அதற்கு முன்னால் என்ன நடந்தது என்று தெரிந்தால்தான் அந்த 16 ஆண்டுகள் புரியும்.

1923-ல் குடியரசு வந்தபோது, புதிய துருக்கிக்கு எந்த இசை வேண்டும் என்பது அரசுக்கே ஒரு கேள்வியாக இருந்தது. ஒட்டோமான் அரண்மனை வழிவந்த இசை பழைய உலகத்தைச் சேர்ந்தது, அது வேண்டாம் என்று ஒதுக்கினார்கள். சிந்தனையாளர் ஸியா கோகால்ப் ஒரு சூத்திரமே தந்திருந்தார்: மெட்டைக் கிராமத்திலிருந்து எடு, நுட்பத்தை ஐரோப்பாவிலிருந்து எடு, இரண்டையும் சேர்த்தால் தேசிய இசை. 1934-ல் வானொலியில் பழைய மரபு இசைக்குத் தடையே போட்டார்கள். 1936 வரை அது நீடித்தது. மக்கள் என்ன செய்தார்கள்? வானொலிப் பெட்டியின் முள்ளை கெய்ரோ பக்கம் திருப்பிக்கொண்டார்கள். அரபு இசையின் சாயல் துருக்கிய ஜனரஞ்சக இசையில் ஆழமாக இறங்கியதற்கு அந்தத் தடையும் ஒரு காரணம் என்று பலரும் சொல்வார்கள்.

அதே காலத்தில் நாட்டுப்பாடல்களைத் தேடித்தேடிச் சேகரித்தார்கள். ஹங்கேரிய இசையமைப்பாளர் பேலா பார்டோக் 1936-ல் துருக்கிக்கு வந்து, இசையமைப்பாளர் அத்னான் சாய்குனைத் துணைக்கு அழைத்துக்கொண்டு அதானா பக்கத்து நாடோடிக் குடிகளின் பாட்டுகளைப் பதிவுசெய்தார். முஸஃபர் சாரிசோஸன் ஆயிரக்கணக்கான பாட்டுகளைத் திரட்டி, அங்காரா வானொலியில் ஒரு சேர்ந்திசைக் குழுவை வைத்துப் பாட வைத்தார். வேலை மகத்தானது. ஆனால் ஒரு பாட்டுக்கு ஊருக்கு ஊர் இருந்த உருவங்களில் ஒன்று மட்டும் வானொலியில் நின்றது. கிழக்கில் பாடப்பட்ட குர்து மெட்டுகள் பலவும் துருக்கியச் சொற்களைப் போட்டுக்கொண்டுதான் நகரத்துக்கு வர முடிந்தது. வானொலியைக் கேட்டு வளர்ந்த நகரத்துப் பிள்ளைகளுக்கு நாட்டுப்பாட்டு என்றால் சீருடை போட்ட பாட்டு. 1950களின் கடைசியில் எல்விஸின் தட்டுகள் இஸ்தான்புல்லுக்கு வந்தபோது அவர்கள் அந்தப் பக்கம் ஓடியதில் ஆச்சரியமே இல்லை.

அப்படி ஓடியவர்களில் முன்னால் நின்றவர் எர்கின் கோராய். 1941-ல் இஸ்தான்புல்லில் பிறந்தவர், அம்மா பியானோ ஆசிரியர். பள்ளிப் பருவத்திலேயே, 1957-ல், நண்பர்களோடு மேடையேறி ராக் அண்ட் ரோல் வாசித்தார். 1961-ல் பாடகர் இல்ஹாம் கென்ஜெர் ஒரு வெளிநாட்டுப் பாட்டின் மெட்டில் துருக்கிய வரிகளைப் பாடி வெளியிட, அது பெரிய வெற்றி. அதன்பின் பிரெஞ்சு, இத்தாலிய மெட்டுகளுக்குத் துருக்கிய வரி எழுதுவதே ஒரு தொழிலாயிற்று. மெட்டு அங்கே, சொல் இங்கே.

இதைத் திருப்பிப் போட்டவர் துலாய் ஜெர்மான். 1964-ல் அவர் பாடிய 'புர்சாக் தர்லாசி' ஒரு பழைய கிராமத்துப் பாட்டு. புதிதாக வாழ்க்கைப்பட்டு வந்த பெண் காட்டில் தீவனப்பயறு பிடுங்குகிறாள். விடியலில் எழுந்தால் பாங்கு ஓசை கேட்கிறது. இல்லை, அது பாங்கு இல்லை, பயறுக்காட்டின் துக்கம் என்கிறாள். பயறு பிடுங்குவது எவ்வளவு கஷ்டம் தெரியுமா பெண்களே, இந்தக் காட்டுக்கு மருமகளாக வருவது எவ்வளவு கஷ்டம் தெரியுமா என்று தோழிகளிடம் புலம்புகிறாள். இந்தப் பாட்டை ஜாஸ் பாடி வளர்ந்த நகரத்துப் பெண் மேற்கத்திய வாத்தியக்குழுவோடு பாடினார், தட்டு பிய்த்துக்கொண்டு போனது. அனடோலு பாப்பின் முதல் பாட்டு என்று பெரும்பாலும் இதைத்தான் குறிப்பிடுகிறார்கள். இதில் இன்னும் ராக் இல்லை. ஆனால் வழி திறந்துவிட்டது.

அடுத்த ஆண்டே 'ஹுர்ரியத்' நாளிதழ் ஒரு போட்டியை அறிவித்தது. அல்தின் மிக்ரோஃபோன், அதாவது தங்க ஒலிவாங்கி. 1965 முதல் 1968 வரை நடந்தது. விதி எளிமையானது: பாட்டு துருக்கிய மொழியில் இருக்க வேண்டும், வாத்தியங்கள் மேற்கத்தியவையாக இருக்க வேண்டும். சொந்த மெட்டாகவும் இருக்கலாம், நாட்டுப்பாட்டை எடுத்து மாற்றியமைத்ததாகவும் இருக்கலாம். கோகால்பின் பழைய சூத்திரமேதான். இந்த முறை அது ஒரு அமைச்சகத்தின் கையில் இல்லை, கிட்டார் வைத்திருந்த இருபது வயசுப் பையன்கள் கையில் கிடைத்தது. அதுதான் வித்தியாசம் என்று நினைக்கிறேன். இறுதிச் சுற்றுக்கு வந்த குழுக்கள் நாட்டின் பல நகரங்களுக்கும் பயணம் போய் வாசித்தன, பார்வையாளர்கள் வாக்களித்தார்கள். இறுதிப் பாட்டுகள் சிறிய 45 ஆர்பிஎம் தட்டுகளாக வெளிவந்தன. இஸ்தான்புல்லைத் தாண்டாத பல பையன்கள் தாங்கள் வாசிக்கிற மெட்டு பிறந்த மண்ணை அந்தப் பயணத்தில்தான் பார்த்தார்கள்.

1966-ல் வென்ற சில்லுயெட்லர் குழு 'லோர்கே' என்ற தென்கிழக்குப் பக்கத்து ஆட்டப் பாட்டை அமெரிக்கக் கடற்கரை ராக் பாணியான சர்ஃப் கிட்டாரில் வாசித்தது. 1967-ல் ஜெம் கராஜாவும் அபாஷ்லர் குழுவும் 'எம்ரா' பாட்டுக்காக இரண்டாம் இடம் பெற்றார்கள். வரிகள் எர்சுரும் ஊர்க்காரரான எம்ரா என்ற 19-ம் நூற்றாண்டு ஆஷிக் கவிஞருடையவை. 1968-ல் வென்றது பத்மான் நகரத்து எண்ணெய் நிறுவனத்தின் வாத்தியக்குழு. தென்கிழக்கு மூலையில், எண்ணெய்க் கிணறுகளுக்கு நடுவே ஓர் ஊர். அங்கிருந்து வந்து இஸ்தான்புல் குழுக்களையெல்லாம் தாண்டி முதலிடம். அதே ஆண்டு மூன்றாவதாக வந்தது மொகொல்லர் என்ற குழு. நான்காவது எர்கின் கோராய்.

இங்கே கொஞ்சம் நின்று வாத்தியத்தைப் பார்க்க வேண்டும். இந்த இசையின் ரகசியத்தில் பாதி அதற்குள்தான் இருக்கிறது.

சாஸ் என்று பொதுவாகச் சொல்லும் பாலமாவுக்கு உருண்ட குடம், ஒல்லியான நீண்ட கழுத்து, மூன்று தொகுதியாகக் கட்டிய உலோகத் தந்திகள். பெரும்பாலும் அடித் தொகுதியில்தான் மெட்டு ஓடும். மற்றவை கூடவே ரீங்கரித்துக்கொண்டிருக்கும். கழுத்தில் உள்ள மெட்டுக்கட்டைகள் கிட்டாரில் இருப்பதுபோல உலோகத்தில் பதித்தவை கிடையாது. நைலான் இழையைச் சுற்றிக் கட்டியவை. வேண்டுமானால் நகர்த்திக்கொள்ளலாம். ஒரு ஸ்வரத்துக்கும் அடுத்த ஸ்வரத்துக்கும் நடுவில் நிற்கும் ஸ்வரங்கள் அதில் உண்டு. கிட்டாரில் அவற்றுக்கு இடமே கிடையாது.

அப்படியானால் ஒரு துர்க்குவை, அதாவது நாட்டுப்பாட்டை, கிட்டாரில் வாசிப்பது எப்படி? தந்தியை விரலால் வளைத்து, அந்த நடு ஸ்வரத்தைத் தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். மெட்டுக்குக் கீழே ஐரோப்பிய பாணியில், பல ஸ்வரங்கள் ஒன்றாக ஒலிக்கும் கார்டுகளை அடுக்கினால் பாட்டின் முகமே மாறிவிடும். அதனால் கெட்டிக்காரர்கள் கார்டுகளைக் குறைத்தார்கள். பேஸ் கிட்டாரும் ஆர்கனும் கிட்டாரும் ஒரே மெட்டைச் சேர்ந்து வாசிக்க, அடியில் ஒரே ஸ்வரம் நீண்டு ஒலித்தது. மேற்கில் அந்த ஆண்டுகளில் சைகடெலிக் குழுக்கள் சிதாரைக் கேட்டுவிட்டு எதைத் தேடிக்கொண்டிருந்தனவோ அது இவர்களுக்குப் பக்கத்து வீட்டிலேயே இருந்தது. அப்புறம் சாஸுக்கே, தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்-அப் பொருத்தி ஆம்ப்ளிஃபயரில் இணைத்தார்கள். உலோகத் தந்தி, இடைவிடாத ரீங்காரம், அதன்மேல் ஒலியைக் கரகரப்பாக்கும் ஃபஸ் பெடல். கேட்டால் தலைக்குள் தேனீக்கூடு கலைந்த மாதிரி இருக்கும். அதை முதலில் செய்தது தான்தான் என்று எர்கின் கோராய் சொல்லிவந்தார். அரபுச் சாயல் கொண்ட அராபெஸ்க் இசையின் நாயகன் ஓர்ஹான் கென்ஜெபாயும் அதே காலத்தில் மின்-சாஸைக் கையாண்டவர். ஊச் ஹூரெல் குழுவின் ஃபெரிதுன் ஹூரெல் இன்னும் ஒரு படி போய், கிட்டாரையும் சாஸையும் ஒரே உடலில் இரட்டைக் கழுத்தாகச் சேர்த்த வாத்தியத்தை உருவாக்கினார். மூன்று சகோதரர்கள் மட்டுமே கொண்ட குழு அது. 1973-ல் வந்த அவர்களுடைய தட்டு இந்த வகையின் சிகரங்களில் ஒன்று.

தாளமும் அப்படித்தான். ராக் ட்ரம்மர் நாலு எண்ணிப் பழகியவர். அனடோலியாவில் ஒன்பது எண்ணிக்கை சாதாரணம், அதுவும் மூன்று மூன்றாகப் பிரியாது. இரண்டு, இரண்டு, இரண்டு, கடைசியில் மூன்று என்று நொண்டும். ஐந்தும் ஏழும் உண்டு. தாளமே இல்லாமல் நம்மூர் விருத்தம்போலக் குரலை நீட்டி நீட்டிப் பாடும் 'உஸுன் ஹவா' என்ற வகையும் உண்டு. ராக் குழுக்கள் இதைத்தான் பாட்டின் நடுவில் வரும் நீண்ட, மிதக்கும் பகுதிகளாக ஆக்கிக்கொண்டன. மேற்கத்தியக் காதுக்கு அது எல்எஸ்டி போதை. ஊர்க்காரர்களுக்கு அது மலைமேல் நின்று கூப்பிடும் குரல்.

மொகொல்லர் இந்த வேலையை ஓர் ஆராய்ச்சிபோலவே செய்தார்கள். குழுவின் ஆர்கன் கலைஞர் முராத் செஸ் 'அனடோலு பாப்' என்ற பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர். 1970-ல் 'தா வே சோஜுக்' அவர்களுக்குப் பெரிய பெயர் வாங்கித் தந்தது. அடுத்த ஆண்டு பிரான்சில் முழுக்க வாத்திய இசையாகவே ஒரு தட்டு வெளியிட்டார்கள். அதற்கு அங்கே சார்ல் க்ரோ அகாதெமியின் பெரும் பரிசு கிடைத்தது. குழுவின் கிட்டார் கலைஞர் ஜாஹித் பெர்காய் அதில் கிட்டாரை மட்டும் வைத்துக்கொண்டு நிற்கவில்லை. பாலமா, வில்லால் இழுத்து வாசிக்கும் தம்பூர் என்று கிராமத்து, நகரத்து வாத்தியங்கள் பலவற்றையும் எடுத்தார். பாடல் வரி இல்லாததால் மொழி தெரியாதவர்கள் தொடங்குவதற்கு அது நல்ல இடம்.

எர்கின் கோராயின் 'எலெக்ட்ரோனிக் துர்க்குலர்' 1974-ல் வந்தது. என் கணக்கில் இந்தக் காலத்தின் மிகச் சிறந்த தட்டு. அதில் 'ஜெமாலிம்' என்ற பாட்டை மட்டும் எடுத்துப் பார்க்கலாம். கப்படோக்கியாவில் ஊர்குப் என்ற சிற்றூர். ஜெமால் என்பவன் கொல்லப்படுகிறான். அவன் மனைவி பாடியதாகச் சொல்லப்படும் ஒப்பாரிதான் பாட்டு. உன் வெள்ளைக் குதிரை இன்னும் பழகாதது, அது வீடு வந்து சேராது என்று போகிறது வரி. ஊர்குப்பின் சாஸ் கலைஞர் ரெஃபிக் பஷரான் வழியாக அது நாடெங்கும் பரவியது. கோராய் அதைக் கையில் எடுத்தபோது அழவும் இல்லை, வேகத்தைக் கூட்டிக் கொண்டாட்டமாக்கவும் இல்லை. பேஸும் ட்ரம்ஸும் நடைபோலப் போகின்றன. குரல் தளராமல் அவள் சொன்னதைச் சொல்லிக்கொண்டு போகிறது. இடையிடையே மின் தந்தி கிளம்பி வந்து ஓலமிடுகிறது. ஒப்பாரியில் பாடுகிறவளுக்கும் கூட நின்று அழுகிறவர்களுக்கும் இடையே இருக்கும் அந்தப் பிரிவினை அப்படியே வாத்தியத்துக்கு வந்துவிட்டது. இந்தத் தட்டை வெறும் 'ட்ரிப்' இசையாகக் கேட்பவர்கள் ஒரு சாவு வீட்டுக்குள் நிற்கிறோம் என்று தெரியாமல் கேட்கிறார்கள்.

கோராய்க்கு எல்லைகள் மேல் மரியாதை கிடையாது. அதே 1974-ல் ஓர் அரபு மெட்டில் 'ஷாஷ்கின்' பாடினார். அரசு வானொலி-தொலைக்காட்சி நிறுவனமான டிஆர்டி அரபுச் சாயல் உள்ள அராபெஸ்க் இசையை அண்டவிடாத காலம் அது. கிராமத்திலிருந்து இஸ்தான்புல்லின் குடிசைப் பகுதிகளுக்கு வந்து குவிந்தவர்கள் கேட்டது அராபெஸ்க்தான். படித்தவர்கள் அதை வெறுத்தார்கள். கோராய் வெறுக்கவில்லை. நீண்ட தலைமுடிக்காகத் தெருவில் அடிவாங்கியவர். கடைசியில் எல்லோருக்கும் 'எர்கின் பாபா' ஆனார். 2023 ஆகஸ்டில் கனடாவின் டொரொன்டோவில் காலமானார்.

பாடகர் பாரிஷ் மான்ச்சோவை நாடே நேசித்தது. கலாத்தாசராய் பள்ளியில் படித்து, பெல்ஜியத்தின் லியேஜில் ஓவியம் பயின்றவர். 1970-ல் வந்த 'தாலார் தாலார்' அவரை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்தது. 1972-ல் அமைந்த தன் குழுவுக்கு, இஸ்தான்புல்லிலிருந்து தென்கிழக்குக் கோடிவரை போகும் ரயிலின் பெயரை வைத்து குர்தாலான் எக்ஸ்பிரஸ் என்றார். 1975-ல் வெளியிட்ட தட்டின் பெயர் '2023'; குடியரசின் நூற்றாண்டைக் கற்பனை செய்து சிந்தசைசர்களோடு அமைத்த இசை. நீண்ட முடி, தொங்கு மீசை, கை நிறைய மோதிரம். பிற்பாடு குழந்தைகளுக்கான தொலைக்காட்சி நிகழ்ச்சியால் ஒரு தலைமுறைக்கே மாமா மாதிரி ஆகிவிட்டார்.

ஜெம் கராஜாவின் வழி வேறு. அப்பா மெஹ்மத் கராஜா, அம்மா தோத்தோ கராஜா, இருவரும் நாடக நடிகர்கள்; அம்மா ஆர்மீனியர். மகன் ராபர்ட் கல்லூரியில் ஆங்கிலம் படித்து எல்விஸ் பாடிக்கொண்டிருந்தான். கட்டாய ராணுவ சேவைக்கு அந்தாக்யா பக்கம் போனபோது அங்கே ஆஷிக்குகளின் பாட்டைக் கேட்டது அவரை மாற்றியது. கராஜாவின் குரலில் நாடகம் இருந்தது, கர்ஜனையும் இருந்தது. அபாஷ்லர், கர்தாஷ்லர், மொகொல்லர், தெர்விஷான் என்று குழு மாறி மாறிப் பாடினார். 1975-ல் வந்த 'தாமிர்ஜி சிராயி' ஒரு மெக்கானிக் கடைப் பையனின் கதை. காரைப் பழுதுபார்க்கக் கொண்டுவந்த பணக்காரப் பெண்மேல் அவனுக்கு ஆசை வந்துவிடுகிறது. நாவலில் படித்ததுபோல நடக்கும் என்று தலைவாரிக் காத்திருக்கிறான். அவள் ஏறிட்டும் பார்ப்பதில்லை. கடைசியில் கடை உஸ்தாத் முதுகில் தட்டி, நீ தொழிலாளி, தொழிலாளியாகவே இரு, வேலைச் சட்டையைப் போட்டுக்கொள் என்கிறார். மூன்று நான்கு நிமிடத்தில் ஒரு சிறுகதை. அந்த ஆண்டுகளின் துருக்கி முழுவதும் அதற்குள் இருக்கிறது.

இந்த இடதுசாரிக் கோபத்தையும் வெளியிலிருந்து வந்ததாக நினைக்க வேண்டாம். ஆஷிக்குகளில் பலர் அலெவிகள். பெரும்பான்மை சுன்னி மரபிலிருந்து விலகி நின்ற, ஒடுக்கப்பட்ட சமூகம். அவர்களுடைய வழிபாட்டிலேயே சாஸ் உண்டு. 16-ம் நூற்றாண்டில் சிவாஸில் தூக்கிலிடப்பட்ட பிர் சுல்தான் அப்தாலின் கவிதைகளை மனப்பாடமாக வைத்திருந்த மரபு அது. அதிகாரத்துக்கு எதிரே நின்று பாடுவது அவர்களுக்குப் பழக்கம். 1970களில் மாணவர்களும் தொழிற்சங்கத்தினரும் அந்தப் பாட்டுகளை எடுத்துக்கொண்டபோது பழைய வரிகளில் எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. காஸியான்தெப்பில் பிறந்த பாடகர் எதிப் அக்பாய்ராமுக்குப் புகழ் தந்த 'அல்திர்மா கோனுல்' பாட்டின் வரிகள், எழுத்தாளர் சபாஹத்தின் அலி 1930களில் சினோப் சிறையில் இருந்தபோது எழுதியவை. மனமே, கலங்காதே என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் கவிதை.

செல்தா பாஜான் அங்காரா பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பொறியியல் படித்தவர். 1971-ல் தனியாக, கிட்டாரோடு பாடிய தட்டுகளால் தெரியவந்தார். நான் முதலில் சொன்ன 1976 தட்டில் 'யாஸ் கஸெத்தெஜி யாஸ்' என்ற பாட்டும் உண்டு. எழுது பத்திரிகையாளனே எழுது என்று அழைத்து, கிராமத்தில் நடப்பதை எழுதச் சொல்கிறது. அந்தத் தட்டை வெளியிட்டது துர்க்குவோலா. ஜெர்மனியின் கொலோனில் இயங்கிய நிறுவனம். வேலையாட்களை அனுப்ப இரு நாடுகளும் செய்த 1961 ஒப்பந்தத்துக்குப் பிறகு லட்சக்கணக்கான துருக்கியர்கள் மேற்கு ஜெர்மனிக்கு வேலைக்குப் போயிருந்தார்கள். ஊர் நினைப்பில் இருந்த அவர்களுக்குத் தட்டு விற்ற நிறுவனம், அனடோலு ராக்குக்கு ஒரு சந்தையையும் தந்தது.

1977 மே தினத்தில் இஸ்தான்புல் தக்ஸிம் சதுக்கத்துக் கூட்டத்தில் துப்பாக்கிச் சூடும் நெரிசலுமாகக் குறைந்தது 34 பேர் இறந்தார்கள். அதே ஆண்டு ஜெம் கராஜா '1 மயிஸ்' என்ற மே தினப் பாட்டைப் பதிவுசெய்தார், வழக்கு பாய்ந்தது. தெருவில் இடதும் வலதும் சுட்டுக்கொண்டார்கள். கச்சேரி நடத்துவதே ஆபத்தாயிற்று. 1979-ல் கராஜா மேற்கு ஜெர்மனிக்குப் போனார். 1980 செப்டம்பர் 12-ல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. சுமார் 6,50,000 பேர் காவலில் வைக்கப்பட்டார்கள். திரும்பி வந்து ஆஜராகு என்ற உத்தரவுக்குக் கராஜா பணியவில்லை. அந்த ஆண்டு இறந்த அப்பாவை அடக்கம் செய்யவும் அவரால் வர முடியவில்லை. 1983 ஜனவரியில் குடியுரிமையைப் பறித்தார்கள். 1987-ல்தான் ஊர் திரும்பினார். செல்தா 1981-க்கும் 1984-க்கும் இடையே மூன்று முறை சிறைக்குப் போனார்; பாஸ்போர்ட்டும் 1987 வரை கிடைக்கவில்லை. கேசட்டின் வரவு சிறு தட்டு வியாபாரத்தையே முடித்துவிட்டிருந்தது. தடை வராத கலைஞர்களும் மெதுவான பாப் பக்கம் நகர்ந்தார்கள். ஒரு வகை இசை இவ்வளவு துல்லியமான தேதியில் முடிவது அபூர்வம்.

2000-க்குப் பிறகு மேற்கில் தொகுப்புத் தட்டுகள் வரத் தொடங்கின. 2006-ல் இங்கிலாந்தின் ஃபைண்டர்ஸ் கீப்பர்ஸ் நிறுவனம் செல்தாவின் 1976 தட்டை மறுபதிப்பு செய்தது. அனுமதி வாங்காத மறுபதிப்புகளும் ஏராளமாக வந்தன. பழைய தட்டுகளின் விலை ஏறியது. இந்த அலைக்கு நான் நன்றியோடு இருக்கிறேன், அது இல்லாவிட்டால் எனக்கும் தெரிந்திருக்காது. ஆனால் 'தொலைந்துபோன புதையல்' என்று விற்கிறார்களே, அதை ஏற்க முடியவில்லை. 1999-ல் பாரிஷ் மான்ச்சோ இறந்தபோது இஸ்தான்புல் தெருக்கள் கொள்ளாத கூட்டம். மொகொல்லர் 1993-லேயே மீண்டும் கூடி வாசிக்கத் தொடங்கிவிட்டார்கள். வீட்டில் யாரும் எதையும் தொலைக்கவில்லை. சேகரிப்பாளர்கள் ஃபஸ் கிட்டார் இருந்த பாட்டுகளைப் பொறுக்கி எடுத்து, குரலும் சாஸும் மட்டும் உள்ளவற்றை விட்டுவிட்டதால் நமக்குக் கிடைத்த படம் கொஞ்சம் கோணலாக இருக்கிறது. அதே பாடகர், அதே ஆண்டில் செய்த இரண்டு வேலைகளில் ஒன்றுதான் நம் கையில் இருக்கிறது.

அடுத்த தலைமுறையும் சும்மா இல்லை. பேஸ் கலைஞர் யாஸ்பர் வெர்ஹுல்ஸ்ட் இஸ்தான்புல்லுக்குக் கச்சேரிக்குப் போன இடத்தில் இந்தத் தட்டுகளில் மயங்கி, 2016-ல் ஆம்ஸ்டர்டாமில் தொடங்கிய குழு ஆல்தின் குன். துருக்கி வேர்கள் கொண்ட மெர்வே தாஷ்தெமிரும் எர்தின்ச் எஜெவிதும் பாடினார்கள். 2019-ல் வந்த 'கெஜே' கிராமி பரிந்துரைவரை போனது. ஜெர்மனியில் பிறந்த தெர்யா யில்திரிம் சாஸை மையமாக வைத்து இன்னும் நிதானமான இசையைச் செய்கிறார். இஸ்தான்புல்லில் பாபா ஸூலா குழு 1996 முதல் மின்-சாஸை விடவே இல்லை.

கேட்கத் தொடங்க நினைப்பவர்களுக்கு என் யோசனை இது. முதலில் ஆஷிக் வெய்செல் பாடிய 'காரா தோப்ராக்' கேளுங்கள். சிவாஸ் பக்கத்து சிவ்ரியாலான் கிராமத்தில் பிறந்து, ஏழு வயதில் அம்மையில் பார்வை இழந்த விவசாயி அவர். குரலும் சாஸும் தவிர அதில் வேறொன்றும் இல்லை. என் உண்மையான காதலி இந்தக் கரிய மண்தான் என்கிறார். 1973-ல் இறந்த அவரை, அதற்கு முன்பே கிராமத்துக்குத் தேடிப்போய்ச் சந்தித்தவர் அனடோலு ராக் பாடகர் ஃபிக்ரத் கிஸிலோக். அவர் பாடிய 'உஸுன் இன்ஜே பிர் யோல்தாயிம்' இரண்டாவது. வெய்செலின் பாட்டுதான் அதுவும். மூன்றாவதாக கோராயின் 'ஜெமாலிம்', கையோடு ஆல்தின் குன் 2018-ல் செய்த 'ஜெமாலிம்'. இரண்டுக்கும் நடுவில் 44 ஆண்டு இருந்தும் மெட்டு அசையாமல் நிற்பதைக் கவனியுங்கள். செல்தாவின் தட்டை அதற்கப்புறம் எடுத்து, முடிந்தால் வரிகளின் மொழிபெயர்ப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, முதல் பாட்டிலிருந்து கேளுங்கள்.